வாக்குச்சீட்டில் பெயரே வராத நீதிபதி

2016 ஜூன் 7 அன்று கலிபோர்னியாவில் முதற்கட்டத் தேர்தல் நடந்தது. சான்டா கிளாரா கவுன்ட்டியின் (கவுன்ட்டி நம் மாவட்டம் போன்றது) விசாரணை நீதிபதி ஏரன் பெர்ஸ்கிக்கு அன்றோடு இன்னும் ஆறு ஆண்டுப் பதவி உறுதியானது. ஆனால் அவர் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாகவே இல்லை. அவருக்கு எதிராக யாரும் மனு போடவில்லை. அதனால் வாக்களிக்க ஒன்றும் இல்லை. அதற்கு ஐந்து நாள் முன்புதான் அவர் வழங்கிய ஒரு தண்டனை அமெரிக்கா முழுக்கக் கொந்தளிப்பை உண்டாக்கியிருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஜூன் 5 அன்று, அதே கவுன்ட்டி மக்கள் அவரை வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சன்னிவேல், கூப்பர்டினோ, சான் ஹோசே என்று தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர்கள் அந்தக் கவுன்ட்டியில்தான் இருக்கின்றன. குடியுரிமை பெற்ற பலர் வீட்டுக்கும் அந்த வாக்குச்சீட்டு வந்திருக்கும். நீதிபதியை மக்கள் எப்படி இறக்க முடியும், அப்படியானால் ஏற்றியது யார் என்ற குழப்பம் இன்றும் பலருக்கு இருக்கிறது. அடியிலிருந்து பார்ப்போம்.

நீதிபதிக்கு எதற்குத் தேர்தல்?

அமெரிக்காவில் இரண்டு நீதித்துறைகள் அருகருகே இயங்குகின்றன. ஒன்று மத்திய அரசுடையது. அதன் நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, பதவி ஆயுளுக்கும். செய்திகளில் அதிகம் அடிபடும் உச்ச நீதிமன்றம் இந்த வகை.

மற்றொன்று மாநிலங்களுடையது. கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு என்று மக்கள் வாழ்க்கையில் நேராக வந்து தொடும் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். இதன் அடித்தளம் உள்ளூர் விசாரணை நீதிமன்றம். கலிபோர்னியாவில் 58 கவுன்ட்டிகள், கவுன்ட்டிக்கு ஒன்றாக 58 விசாரணை நீதிமன்றங்கள். அவற்றை 'சுப்பீரியர் கோர்ட்' என்கிறார்கள். பெயரைப் பார்த்து மேல் நீதிமன்றம் என்று எண்ணிவிட வேண்டாம். சாட்சி சொல்வதும் பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழுவான ஜூரி உட்காருவதும் முதல் தீர்ப்பு வருவதும் இங்கேதான்.

பணித்தேர்வு எழுதி, உயர் நீதிமன்றத்தின் பார்வையில் படிப்படியாக உயரும் நீதிபதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, இவர்கள் ஓட்டுக் கேட்பது விசித்திரமாகத் தெரியும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் எல்லா நீதிபதிகளையும் தேர்தலுக்கு விட்டது. 1846இல் நியூயார்க் அதே வழிக்கு வந்தது. ஆளுநரும் சட்டமன்றமும் வேண்டியவர்களுக்கு நீதிபதிப் பதவியைப் பங்கு போட்டுத் தருகிறார்கள் என்ற கோபம்தான் காரணம். மக்களுக்குக் கடன்பட்ட நீதிபதி, ஆளுநருக்குக் கடன்பட்டவரைவிட நேர்மையாக இருப்பார் என்று அன்று நம்பினார்கள். இன்று ஐம்பதில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் நீதிபதித் தேர்தல் உண்டு.

கலிபோர்னியாவில் பதவிக்கு வரும் வழி

1. பத்தாண்டு வழக்கறிஞர் தகுதி உள்ளவர் சுப்பீரியர் கோர்ட் பதவிக்குப் போட்டியிடலாம். பதவிக்காலம் ஆறு ஆண்டு. கட்சிச் சின்னமோ கட்சிப் பெயரோ கிடையாது.

2. இடையில் ஒரு இடம் காலியானால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். நீதிபதிகள் பலர் பதவிக்காலத்தின் நடுவில்தான் ஓய்வு பெறுகிறார்கள். ஆகவே பெரும்பாலானோர் முதலில் உள்ளே வருவது நியமனத்தின் வழியாகவே, தேர்தல் பிறகுதான்.

3. பதவியில் இருப்பவரை எதிர்த்து யாரும் மனு தாக்கல் செய்யாவிட்டால், அவர் பெயர் வாக்குச்சீட்டில் வராது. அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

4. மனு முடியும் நாள் முதற்கட்டத் தேர்தலுக்கு 88 நாள் முன்பு.

மூன்றாவது விதிதான் இந்தக் கதையின் அச்சாணி. எதிர்த்து நிற்பது யார்? ஒரு வழக்கறிஞர்தான் நிற்க முடியும். அவர் தோற்றால் மறுநாள் அதே நீதிபதி முன்னால் கட்சிக்காரருக்காக வாதாட வேண்டியிருக்கும். அந்தத் துணிச்சல் யாருக்கும் எளிதில் வராது. ஆகவே கவுன்ட்டி மக்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் நீதிபதியின் பெயரைக் கூடக் கேள்விப்படாமலே வாழ்கிறார்கள். காகிதத்தில் தேர்தல் இருக்கிறது. மக்கள் கையில் அது வந்து சேர்வதில்லை.

பெர்ஸ்கி வந்த பாதை

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம், பெர்க்லியில் சட்டம், பிறகு ஒரு பெரிய தனியார் சட்ட நிறுவனம், அங்கிருந்து சான்டா கிளாரா அரசு வழக்கறிஞர் அலுவலகம். ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது அவர் லக்ராஸ் விளையாட்டு அணியின் தலைவர். இந்தத் தகவல் பின்னால் அவருக்கு எதிராகப் பெரிதாகத் திரும்பும்.

2002இல் முதன்முறை தேர்தலில் நின்றார். அப்போது தன்னை வாக்காளர்களுக்கு அவர் அறிமுகப்படுத்திக்கொண்டது, பாலியல் குற்றங்களையும் வெறுப்புக் குற்றங்களையும் நடத்தும் அரசு வழக்கறிஞராக. ஆபத்தான பாலியல் குற்றவாளிகளை வெளியே விடாமல் அடைத்து வைக்கப் பாடுபடுகிறேன் என்பது அவர் முன்வைத்த தகுதி. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அமைப்பொன்றிலும் பங்கு வகித்தார்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கலிபோர்னியா வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே அவர் தொழிலை மூன்று சொற்களுக்குள் போடலாம். கட்சிப் பெயர் இல்லாத, முகம் தெரியாத போட்டியில் அந்த மூன்று சொல்தான் பல வாக்காளர்களுக்குக் கிடைக்கும் ஒரே துப்பு. 'குற்றவியல் அரசு வழக்கறிஞர்' என்ற அடையாளத்துக்கு அங்கே எப்போதும் மதிப்பு அதிகம். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவர்கள் அதே தேர்தலில் தங்கள் தொழிலைச் சொல்லவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் அடுத்த ஆண்டே, 2003இல், ஆளுநர் கிரே டேவிஸ் அவரை நீதிபதியாக நியமித்தார். மக்கள் வேண்டாம் என்று சொன்ன வேட்பாளர் நியமனக் கதவு வழியாக வந்தார் என்று சொன்னால் கடுமையாக இருக்கும்; அவர் தகுதியுள்ளவர்தான், இந்த முறை அங்கே வழக்கமானதும்கூட. இருந்தாலும் நடந்தது அதுதான். அதன்பின் பதின்மூன்று ஆண்டு பெரிய சர்ச்சை இல்லாமல் கழிந்தது.

2016 ஜூன் 2

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்ட் வளாகத்தில் நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை ஒரு மாணவர் பாலியல் வன்கொடுமை செய்தார். அந்த வழியே மிதிவண்டியில் வந்த இரண்டு ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். குற்றவாளி பல்கலைக்கழக நீச்சல் அணியின் வீரர். 2016 மார்ச் 30 அன்று ஜூரி அவரை மூன்று கடும் குற்றங்களில் குற்றவாளி என்றது.

அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. அரசுத் தரப்பு கேட்டது 6 ஆண்டு. பெர்ஸ்கி கொடுத்தது கவுன்ட்டி சிறையில் 6 மாதமும் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். ஆயுள் முழுக்கப் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் பதிய வேண்டும் என்பதும் சேர்ந்தது. நன்னடத்தைக் கழிவு போக, குற்றவாளி மூன்று மாதத்தில் 2016 செப்டம்பர் 2 அன்று வெளியே வந்தார்.

இந்தத் தண்டனை எப்படிச் சாத்தியமானது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் பின்னால் வந்த வாதங்கள் புரியும்.

1. நிரூபணமான குற்றங்களில் ஒன்றுக்குச் சட்டம் சாதாரணமாக, நீண்ட தண்டனைக்கான மாநிலச் சிறைவாசத்தையே சொல்கிறது. ஆனால் 'வழக்கத்துக்கு மாறான வழக்கு, நீதியின் நலனுக்கு இது தேவை' என்று நீதிபதி கருதினால் விலக்கு தரலாம்.

2. குற்றவாளிகளின் பின்புலத்தை ஆராய்ந்து பரிந்துரை தரும் கண்காணிப்புத் துறையே கவுன்ட்டி சிறையளவுக்கான மிதமான தண்டனையைத்தான் பரிந்துரைத்திருந்தது. பெர்ஸ்கி அதை ஒட்டிப் போனார்.

3. இளவயது, முன்குற்றம் இல்லாமை, மது, நற்சான்றுக் கடிதங்கள், மாநிலச் சிறை அவர்மீது கடுமையான பாதிப்பை உண்டாக்கும் என்ற கவலை: விலக்குக்கு நீதிபதி சொன்ன காரணங்கள் இவை.

சட்டத்துக்கு உட்பட்ட தண்டனை என்பதில் ஐயம் இல்லை. சரியான தண்டனையா என்பது வேறு கேள்வி. சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். நற்சான்றுக் கடிதம் எழுத நல்ல பள்ளியும் பயிற்சியாளரும் வசதியான சுற்றமும் உள்ளவருக்குத்தான் ஆள் கிடைக்கும். சிறை யாருக்குத்தான் கடுமையான பாதிப்பை உண்டாக்காது? பாதிக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் வாசித்த நீண்ட கடிதம் மறுநாளே இணையத்தில் வெளியாகி, சில நாளிலேயே ஒரு கோடி முறைக்கு மேல் படிக்கப்பட்டது. அவர் இழந்ததெல்லாம் அந்தக் கடிதத்தில் வரிவரியாக இருந்தது. அதையும் கேட்டுவிட்டுக் குற்றவாளியின் எதிர்காலத்தை முன்னால் வைத்துப் பேசிய தீர்ப்பு, மக்களுக்குப் பொறுக்கவில்லை. தானும் ஸ்டான்ஃபோர்ட் விளையாட்டு வீரராக இருந்தவர் இன்னொரு ஸ்டான்ஃபோர்ட் வீரர்மீது இரக்கப்பட்டார் என்ற எண்ணம் பரவ நேரமே ஆகவில்லை.

அப்புறம், நாட்களைக் கவனியுங்கள். தேர்தல் ஜூன் 7. மனு முடிந்தது அதற்கு 88 நாள் முன்பு, அதாவது மார்ச் 11. ஜூரியின் தீர்ப்பு மார்ச் 30. தண்டனை ஜூன் 2. மக்கள் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எதிர்வேட்பாளர் நிற்கும் கதவு மூடி இரண்டரை மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. கோபம் வேறு வழி தேடியது அதனால்தான்.

திருப்பி அழைத்தல் என்னும் கருவி

பதவிக்காலம் முடியும் முன்பே மக்கள் கையெழுத்து திரட்டி, தனித் தேர்தல் கேட்டு, ஒருவரைப் பதவியிறக்குவதுதான் திருப்பி அழைத்தல். கலிபோர்னியா இதை 1911 அக்டோபரில் தன் அரசியல் சட்டத்தில் சேர்த்தது. ரயில்வே நிறுவனத்தின் பிடியிலிருந்து மாநில அரசியலை விடுவிக்கிறேன் என்று வந்த ஆளுநர் ஹிராம் ஜான்சன் நீதிபதிகளையும் இதற்குள் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

எதிர்ப்பு சின்னதல்ல. அதே 1911இல் அரிசோனா மாநில அந்தஸ்து கேட்டபோது, அதன் அரசியல் சட்டத்தில் நீதிபதிகளைத் திருப்பி அழைக்கும் பிரிவு இருந்தது என்பதற்காகவே குடியரசுத் தலைவர் டாஃப்ட் தீர்மானத்தைத் தடுத்தார். அரிசோனா அந்தப் பிரிவை நீக்கி 1912 பிப்ரவரியில் மாநிலமானது. அந்த ஆண்டுக்குள்ளேயே அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

கலிபோர்னியாப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் 1911 அக்டோபரின் அதே வாக்கெடுப்பில்தான். இரண்டு உரிமைகளும் விரைவிலேயே ஒன்று சேர்ந்தன. 1913இல் சான் பிரான்சிஸ்கோவின் காவல் நீதிமன்ற நீதிபதி சார்லஸ் வெல்லர், பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் ஜாமீன் தொகையைக் குறைத்தார். அந்த ஆள் தப்பி ஓடினார். பெண்கள் அமைப்புகள் கையெழுத்து திரட்டி வெல்லரை இறக்கின. 1977இல் விஸ்கான்சின் மாநிலம் டேன் கவுன்ட்டியில் ஆர்ச்சி சைமன்சன் என்ற நீதிபதி, பாலியல் வன்கொடுமைக்குப் பெண்களின் உடையைக் காரணம் காட்டுவதுபோலப் பேசிப் பதவி இழந்தார். அந்த இடத்துக்கு மோரியா க்ரூகர் என்ற பெண் வழக்கறிஞர் வந்தார். நூறாண்டில் மிக அபூர்வமாகவே பயன்பட்ட இந்தக் கருவி, பயன்பட்டபோது பலமுறை இதே காயத்தின் மேல்தான் வந்து நின்றிருக்கிறது. பெண்களின் புகாரை நீதிமன்றம் எடை குறைத்துப் பார்க்கிறது என்ற அனுபவம் அந்த அளவுக்குப் பழையது.

கலிபோர்னியாவில் 1932இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதிகள் மூவர் இப்படிப் பதவி இழந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் அப்படிப் பதவி இழந்த முதல் நீதிபதி பெர்ஸ்கிதான். நாட்டளவில் 1977க்குப் பிறகு முதல் ஆள்.

இரு பக்கமும் சொன்னது

இயக்கத்தை நடத்தியவர் ஸ்டான்ஃபோர்ட் சட்டப் பேராசிரியர் மிஷெல் டாபர். பெர்ஸ்கிக்கு வாக்களிக்கும் வாய்ப்பே எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதைத்தான் இப்போது கேட்கிறோம் என்பது அவர்கள் தரப்பின் வலுவான வாதம். பாலியல், குடும்ப வன்முறை வழக்குகள் சிலவற்றிலும் அவர் மென்மையாக நடந்ததாகப் பட்டியலிட்டார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் அந்தத் தண்டனையை ஆதரித்தவர்கள் இல்லை. கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் ஜெஃப் ரோசன், 6 மாதம் போதாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனாலும் திருப்பி அழைப்பதை எதிர்த்தார். ஓய்வு பெற்ற நீதிபதி லடோரிஸ் கோர்டெல் எதிர்ப்பிரசாரத்தின் முகமானார். மக்கள் கோபத்துக்கு நீதிபதிகள் பயப்படத் தொடங்கினால் அடி விழப்போவது ஏழைகள்மீதும் கறுப்பினத்தவர்மீதும்தான் என்பது கறுப்பினப் பெண்ணான அவரது வாதம். அரசு வழங்கும் இலவச வழக்கறிஞர்கள் பலரும் அதையே சொன்னார்கள். ஏனெனில் தண்டனை நாளில் குற்றவாளிக் கூண்டின் பக்கம் நின்று பழகியவர்கள் அவர்கள்.

நீதிபதிகள்மீதான புகார்களை விசாரிக்கும் மாநில ஆணையம் 2016 டிசம்பரில் பெர்ஸ்கியை விடுவித்தது. அவர் ஒருதலையாக நடந்தார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. அவரோ 2016 செப்டம்பரிலேயே தானாகக் கேட்டுச் சிவில் வழக்குகளுக்கு மாறியிருந்தார்.

2017இல் கையெழுத்து திரட்டல் தொடங்கியது. தேவைப்பட்டவை 58,634. 2018 ஜனவரியில் ஒப்படைத்தவை ஏறக்குறைய 95,000. நீதிபதி என்பவர் மாநில அதிகாரி, கவுன்ட்டித் தேர்தல் அலுவலகம் இதை நடத்த முடியாது என்று பெர்ஸ்கி வழக்குப் போட்டார். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 1,61,000 டாலருக்கும் மேல் அவர் கட்ட வேண்டியும் வந்தது.

பிரசாரத்தில் அவருக்கு ஒரு தனித் தடை இருந்தது. அமெரிக்க அரசியல்வாதி தன்மேல் குற்றச்சாட்டு வந்தால் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பதில் சொல்லலாம். நீதிபதி அப்படிச் செய்ய முடியாது. நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நடத்தை விதி. குற்றவாளி மேல்முறையீடு செய்திருந்தார், அது 2018 ஆகஸ்டில்தான் தள்ளுபடியானது. தேர்தலோ ஜூனில். எந்தத் தண்டனைக்காகப் பதவி போகவிருந்ததோ, அந்தத் தண்டனையின் காரணங்களை அவர் வாய்திறந்து விளக்க முடியவில்லை. நீதிபதிகள் மக்கள் கருத்துக்கு அஞ்சாமல் தீர்ப்பளிக்க வேண்டும் என்று பொதுவாகப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டார்.

வாக்குச்சீட்டில் இரண்டு பகுதிகள் இருந்தன: இறக்கலாமா, வேண்டாமா என்பது முதலாவது, இறக்கினால் யார் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் 'இறக்கலாம்' என்றார்கள். இரண்டாவதில் வென்றவர் சிண்டி ஹென்ட்ரிக்சன், கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்தவர்.

வேறு நீதிமன்ற அறைகளில் நடந்தது

ஒரு நீதிபதியின் பதவி போனதோடு இது முடியவில்லை. அதிகம் பேசப்படாத பகுதியும் இதுதான்.

அரசியல் அறிவியலாளர்கள் சான்ஃபோர்ட் கார்டனும் சிடாக் இன்டிசோவும் கலிபோர்னியாவின் ஆறு கவுன்ட்டிகளில் தண்டனைகளை ஆராய்ந்தார்கள். திருப்பி அழைக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்த உடனே தண்டனைகளின் கடுமை சட்டென உயர்ந்ததைக் கண்டார்கள். உயர்வு சராசரியாக ஏறக்குறைய 30 விழுக்காடு. வாக்களிப்புக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே இது நடந்தது. அரசு வழக்கறிஞர்கள் கூடுதலாகக் கேட்டதாலல்ல, நீதிபதிகள் மாறியதால்தான் என்பதையே தரவுகள் காட்டின. முன்பிருந்த இன ஏற்றத்தாழ்வும் குறையவில்லை.

இது புதிதும் அல்ல. கிரெகரி ஹூபரும் இதே கார்டனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, 1990களின் பென்சில்வேனியாவில் 22,000க்கும் மேற்பட்ட தண்டனைகளை எடுத்துப் பார்த்தது. தேர்தல் நெருங்க நெருங்க நீதிபதிகள் கடுமையாகிறார்கள். அந்தக் கூடுதல் சிறைக்காலத்தைக் கூட்டினால் குறைந்தது 1,800 ஆண்டுக்கு மேல் வருகிறது.

ஏன் ஒரே திசையில் மட்டும்? அளவுக்கு மேல் தண்டித்த நீதிபதிக்கு எதிராகக் கையெழுத்து திரட்ட யாரும் வரமாட்டார்கள். சிறைக்குள் இருப்பவருக்கு ஊடகமும் இல்லை. அளவுக்குக் கீழே தண்டித்தால் பெயர் நாறிவிடும். பதவியில் இருப்பவர் கணக்குப் போட இது போதும். சான்டா கிளாரா மக்களின் கோபம் நியாயமானது. வசதியான ஒரு மாணவருக்குக் காட்டிய சலுகையைக் கண்டு எழுந்தது. ஆனால் விலையைக் கொடுத்தவர்களில் நற்சான்றுக் கடிதம் எழுத ஆள் இல்லாதவர்களே அதிகம் இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அந்தக் கவுன்ட்டியில் எனக்கு வாக்கு இருந்திருந்தால், தண்டனையை வெறுத்துக்கொண்டே 'வேண்டாம்' என்றுதான் போட்டிருப்பேன்.

சட்டமும் மாறியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2016 செப்டம்பர் 30 அன்று இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, மயக்கத்திலோ போதையிலோ இருப்பவரை வன்கொடுமை செய்தால் கண்காணிப்பு மட்டும் தந்து விடும் வழியை அடைத்து மாநிலச் சிறையைக் கட்டாயமாக்கியது. மற்றது, சம்மதமில்லாத எல்லா வகைப் பாலியல் வன்கொடுமையையும் வன்புணர்வாகக் கருதலாம் என்று சட்டத்தில் எழுதியது. இரண்டாவது வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டியது. முதலாவது, பெர்ஸ்கி தவறாகப் பயன்படுத்திய விருப்புரிமையை இனி வரும் எல்லா நீதிபதிகளிடமிருந்தும் எடுத்துவிட்டது. அதைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கக் கூடியவர்களிடமிருந்தும்தான்.

வாய்ப்பூட்டு விதி 2020இல் தளர்ந்தது. தேர்தலிலோ திருப்பி அழைக்கும் பிரசாரத்திலோ விமர்சனத்துக்கு உள்ளான தீர்ப்பின் சட்ட அடிப்படையையும் நடைமுறையையும், வழக்கு நிலுவையில் இருந்தாலும், அதன் முடிவைப் பாதிக்காத அளவில் கலிபோர்னிய நீதிபதிகள் இப்போது பொதுவெளியில் விளக்கலாம். போட்டியில்லாத நீதிபதியின் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து விட்டுவிடும் விதியை இந்தச் சர்ச்சை தொடவில்லை.